ஏலத்தோட்ட வீட்டுக்குக் குனூகேஷ்: பழுது பார்ப்பதிலிருந்து நம் கணக்குக்கேற்ப மாற்றுவது வரை

ஆவணி மாதம். இடுக்கி வண்டன்மேட்டில் ஏலக்காய் எடுப்பு மும்முரம். இரண்டு வாரச் சம்பளக் கணக்கை ஒரே இரவில் உட்கார்ந்து குனூகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நாற்பது வரிகளுக்கு மேல் ஏறியிருந்தபோது மழையோடு கரண்ட் போனது. இடையில் ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. தானாகச் சேமிக்கும் வசதி வேலையைத் தடுக்கிறது என்று அதையும் நானே நிறுத்திவைத்திருந்தேன். மறுநாள் காலை திறந்தால் பழைய கணக்குதான் இருந்தது. அன்று மத்தியானத்துக்குள் ஒரு வரி விடாமல் எல்லாம் திரும்பக் கிடைத்தன. எப்படிக் கிடைத்தன என்பதிலிருந்தே தொடங்குகிறேன். இந்த மென்பொருளின் குணம் அதில்தான் தெரிகிறது.

குனூகேஷ் 1998 முதல் இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இரட்டைப் பதிவு முறையில் இயங்குவதால் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமும் கேட்கும். வீடு கம்பத்திலும் தோட்டம் இடுக்கியிலும் வங்கிக் கணக்கு இரண்டு மாநிலத்திலுமாக வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்தக் கண்டிப்பு தேவை. கீழே சொல்பவை ஐந்தாம் பதிப்பு வரிசையை வைத்துச் சொல்பவை. மெனுப் பெயர்களை ஆங்கில மெனுவில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

கணக்கில் ஏதோ தப்பு என்று தெரிந்ததும் கை பரபரக்கும். ஒன்றையும் அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். கணக்குக் கோப்பு இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டுப் பிறகு உட்காருங்கள்.

அந்த ஃபோல்டரைத் திறந்தால் உங்கள் கோப்பின் பெயரிலேயே, பின்னால் பதினான்கு இலக்கம் ஒட்டிய பல கோப்புகள் இருக்கும். அந்த இலக்கங்கள் வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய நிலையைக் குனூகேஷ் இப்படித் தனியே எடுத்து வைக்கிறது. அவற்றோடு அதே மாதிரி இலக்கங்களுடன் லாக் கோப்புகளும் இருக்கும். நீங்கள் பதியும் ஒவ்வொரு வரியும், சேமித்தாலும் சேமிக்காவிட்டாலும், உடனுக்குடன் லாக்கில் ஏறிவிடுகிறது. குப்பை என்று நினைத்து இவற்றை அழித்துவிடுகிறவர்கள் பலர். எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ், அதில் ஜெனரல் பகுதிக்குப் போனால் இவற்றை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கிறது. முதலில் 30 நாள் என்று இருக்கும். நான் 365 ஆக்கியிருக்கிறேன். தை மாதம் தெரியவரும் தப்பு ஆடியில் நடந்ததாக இருக்கும்.

இன்னொன்று. சேமிக்கும்போது எக்ஸ்எம்எல், எஸ்க்யூலைட் என்று வகை கேட்கும். வீட்டுக் கணக்குக்கு எக்ஸ்எம்எல் போதும். எஸ்க்யூலைட்டில் பதிந்த உடனே சேமிப்பு ஆகிவிடும், உண்மைதான். ஆனால் மேலே சொன்ன தானியங்கி நகல்கள் அதில் கிடையாது.

பூட்டு விழுந்தால்

கரண்ட் போன பின் திறக்கும்போது, கோப்பின் பூட்டைப் பெற முடியவில்லை என்று ஒரு செய்தி வரும். கோப்பு கெட்டுப்போகவில்லை. திறந்திருக்கும்போது இரண்டாவது ஆள் நுழையாதபடி குனூகேஷ் ஒரு சின்னப் பூட்டுக் கோப்பைப் போடுகிறது. ஒழுங்காக மூடாததால் அது அப்படியே கிடக்கிறது, அவ்வளவுதான். வேறு யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு 'ஓப்பன் எனிவே' கொடுக்கலாம்.

அந்த உறுதி முக்கியம். ஒரே கோப்பை இணைய ஃபோல்டரில் வைத்து, கம்பத்தில் மகளும் தோட்டத்தில் அப்பாவுமாகத் திறக்கிற வீடுகள் உண்டு. மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் பூட்டு அடுத்த கணினிக்குப் போய்ச் சேர்வதற்குள் இருவரும் உள்ளே இருப்பார்கள். கடைசியில் சேமித்தவர் கணக்கு நிற்கும், மற்றவருடையது போய்விடும். ஒரே கணினியில் மட்டும் பதியுங்கள். தோட்டத்தில் நோட்டு போதும்.

சேமிக்காமல் போனதை மீட்பது

1. நகல் எடுத்துவிட்டீர்கள் அல்லவா? இப்போது வழக்கமான கணக்குக் கோப்பைத் திறங்கள். கடைசியாகச் சேமித்த நிலை தெரியும்.

2. ஃபைல் மெனுவில் இம்போர்ட், அதன் கீழ் 'ரீப்ளே குனூகேஷ் லாக் ஃபைல்'.

3. எந்த லாக் என்பதுதான் கேள்வி. கோப்பைத் திறக்கும்போது ஒரு லாக் தொடங்கும், ஒவ்வொரு சேமிப்புக்குப் பின்னும் புதிது தொடங்கும். ஆகவே கடைசிச் சேமிப்புக்குப் பின் தொடங்கிய லாக்கின் நேரத்தைப் பாருங்கள். எனக்கு அது இரவு எட்டரை மணியைக் காட்டியது. அதற்குப் பின், காலையில் திறந்தபோது பிறந்த லாக் ஒன்றும் இருந்தது. அது வெற்று.

4. தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் வரிகள் வந்து நிற்கும். உடனே சேமியுங்கள்.

5. நோட்டை எடுத்து வரிக்கு வரி சரிபாருங்கள். லாக்கில் இருப்பது பதிவுகள் மட்டும். முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்த மாதாந்தரப் பதிவுகளின் அமைப்பை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் திரும்ப வராது. அதைக் கையால்தான் செய்ய வேண்டும்.

பிறகு ப்ரிஃபரன்சஸ் போய் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கும்படி மாற்றிவிட்டேன்.

பதிவைக் காணோம் என்றால்

பெரும்பாலும் பதிவு எங்கும் போயிருக்காது. வியூ மெனுவில் 'ஃபில்டர் பை' என்று இருக்கிறது. ஏதோ ஒரு நாள் தேதி எல்லை போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருப்பீர்கள். எல்லாத் தேதியும் எல்லா நிலையும் தெரியும்படி மாற்றினால் வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்றால் எடிட் மெனுவில் ஃபைண்ட் வழியாகத் தொகையைக் கொடுத்துத் தேடுங்கள். வருடத்தைத் தவறாக அடித்ததால் பத்து வருடம் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும் பதிவு இப்படித்தான் அகப்படும்.

இம்பேலன்ஸ் என்ற கணக்கு

கணக்குப் பட்டியலின் அடியில் 'இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்' என்று நீங்கள் உருவாக்காத கணக்கு ஒன்று முளைத்திருந்தால், எங்கேயோ ஒரு பதிவுக்கு மறுபக்கம் சொல்லவில்லை என்று பொருள். கணக்கை நீக்கும்போது அதில் இருந்த பதிவுகள் அநாதையாகி, 'செக் அண்ட் ரிப்பேர்' ஓட்டும்போது 'ஆர்ஃபன்' என்ற கணக்கில் சேரும். இரண்டும் பயப்பட வேண்டியவை அல்ல. திறந்து, ஒவ்வொரு வரியிலும் நின்று, 'ஜம்ப்' பொத்தானை அழுத்தினால் மூலப் பதிவு இருக்கும் கணக்குக்குக் கொண்டுபோய் விடும். அங்கே இம்பேலன்ஸ் என்று இருக்கும் இடத்தில் சரியான கணக்கைப் போடுங்கள்.

மீதி பூஜ்ஜியம் என்று மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஒரு பக்கம் 500 தப்பு, மறுபக்கம் 500 தப்பு என்றால் மீதி பூஜ்ஜியம்தான். வரிகளே இல்லாமல் காலியாக வேண்டும்.

வங்கி ஸ்டேட்மென்டை ஏற்றுவது

இங்கேதான் எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். இரண்டு வங்கி, இரண்டு விதமான சிஎஸ்வி (கமாவால் பிரித்த பட்டியல் கோப்பு). ஒன்றில் மேலே பத்து வரி முகவரி இருக்கும். இன்னொன்றில் கடைசியில் மொத்தம் போட்டு மூன்று வரி. தொகையில் 1,25,000 என்று கமா வேறு.

முதலில் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறந்து, தொகைப் பத்திகளில் உள்ள கமாவை எல்லாம் நீக்கிவிடுங்கள். வெறும் 125000.00 என்று நிற்கட்டும். எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று கொடுத்துச் சேமியுங்கள். பிறகு குனூகேஷில் ஃபைல், இம்போர்ட், 'இம்போர்ட் டிரான்சாக்‌ஷன்ஸ் ஃப்ரம் சிஎஸ்வி'. மேலே எத்தனை வரி, கீழே எத்தனை வரி விட வேண்டும் என்று அங்கேயே சொல்லலாம். தேதி வடிவம் நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை விட்டால் ஜூலை 3 மார்ச் 7 ஆகிவிடும். வரவுப் பத்திக்கு 'அமௌன்ட்', பற்றுப் பத்திக்கு 'அமௌன்ட் நெகேட்டட்' என்று தலைப்புக் கொடுக்க வேண்டும். பழைய பதிப்புகளில் டெபாசிட், வித்ட்ராயல் என்று இருந்தவை இவை. எல்லாம் சரி என்றதும் மேலே இருக்கும் பெட்டியில் ஒரு பெயர் கொடுத்து இந்த அமைப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள். நான் 'கம்பம் வங்கி', 'கட்டப்பனை வங்கி' என்று இரண்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஏற்றுவதற்கு முந்தைய நிமிடம் கட்டாயம் சேமியுங்கள். மொத்தமாக ஏற்றியதை ஒரே சொடுக்கில் நீக்க வழி இல்லை. தப்பாக ஏறிவிட்டால் ஃபைல் மெனுவில் 'ரிவர்ட்' கொடுத்துக் கடைசிச் சேமிப்புக்குத் திரும்பலாம். தானியங்கிச் சேமிப்பு இடையில் புகுந்துவிட்டால், பதினான்கு இலக்க நகல்களில் ஏற்றத்துக்கு முந்தையதைத் திறக்க வேண்டும்.

நாம் எந்தக் கடையை எந்தச் செலவில் போடுகிறோம் என்பதை மென்பொருள் கவனித்துக் கற்றுக்கொள்கிறது. மூன்றாவது மாதத்தில் உரக்கடைப் பெயரைப் பார்த்ததும் தானே உரச் செலவில் சேர்க்கும். தப்பாகவும் கற்றுக்கொள்ளும். ஒருமுறை கங்காணிக்கு அனுப்பிய பணத்தை அவசரத்தில் மளிகையில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் பெயர் வந்தாலே மளிகை. டூல்ஸ் மெனுவில் 'இம்போர்ட் மேப் எடிட்டர்' திறந்து அந்தத் தப்பான தொடர்பை நீக்கினால் சரியாகும்.

ஸ்டேட்மென்டோடு ஒத்துப்போகவில்லை

வங்கியோடு ஒப்பிடும் 'ரீகன்சைல்' வேலையில், போன மாதம் முடித்த தொகையும் இந்த மாதம் அது காட்டும் தொடக்கத் தொகையும் வேறாக இருந்தால், ஏற்கனவே ஒப்பிட்டு முடித்த ஒரு பதிவை யாரோ மாற்றிவிட்டார்கள் அல்லது அழித்துவிட்டார்கள். தொடக்கத் தொகை என்பது தனியாக எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. ஒப்பிட்டு முடித்த வரிகளின் கூட்டல்தான் அது. 'ஃபில்டர் பை'யில் ஸ்டேட்டஸ் பகுதிக்குப் போய் ரீகன்சைல் ஆனவை மட்டும் தெரியும்படி வைத்துப் பழைய ஸ்டேட்மென்டோடு ஒப்பிடுங்கள்.

வித்தியாசத் தொகையையும் பாருங்கள். 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் 540-ஐ 450 என்று இலக்கம் மாற்றி அடித்திருக்க வாய்ப்பு அதிகம். வித்தியாசத்தின் பாதித் தொகையில் ஒரு பதிவு இருந்தால், வரவைப் பற்றாகப் போட்டிருப்பீர்கள். நோட்டுக் கணக்குக் காலத்து வழி இது, கணினியிலும் பலிக்கிறது.

ஒப்பிட்ட பதிவைத் தொட்டால் குனூகேஷ் எச்சரிக்கும். 'இனிக் கேட்காதே' என்று எப்போதோ டிக் போட்டிருந்தால் எச்சரிக்கை வராது. ஆக்‌ஷன்ஸ் மெனுவில் 'ரீசெட் வார்னிங்ஸ்' அதைத் திரும்பக் கொண்டுவரும். ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால், இத்தனை நாளுக்கு முந்தைய பதிவுகளைத் திருத்த முடியாது என்று எல்லை போடும் இடமும் உண்டு. நான் 90 நாள் வைத்திருக்கிறேன்.

கணக்கு மரத்தை நம்முடையதாக்குவது

மென்பொருள் கொடுக்கும் ஆயத்த மரத்தில், அதாவது கிளை பிரித்த கணக்குப் பட்டியலில், கங்காணி இல்லை, ஜீப் வாடகை இல்லை, காய் உலர்த்தும் ஸ்டோர் இல்லை. அதற்குள் நம்மைத் திணித்துக்கொள்ள வேண்டியதில்லை. பெயர்களைத் தமிழிலேயே வையுங்கள், யூனிகோடில். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் தேடினால் கிடைக்காது. அறிக்கைகளில் தமிழ் சரியாக விழ, எடிட் மெனுவின் 'ஸ்டைல் ஷீட்ஸ்' போய் ஃபான்ட்ஸ் பகுதியில் ஒரு தமிழ் யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். தலைக்கணக்குகளை 'ப்ளேஸ்ஹோல்டர்' ஆக்கினால் அவற்றில் தவறி எதுவும் பதிய முடியாது.

சொத்துப் பக்கத்தில் கைப்பணத்தை இரண்டாக்குங்கள்: வீட்டில் இருப்பது, தோட்டத்தில் இருப்பது. மூன்றாவதாக 'கங்காணியிடம்' என்று ஒரு கணக்கு. சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வெள்ளிக்கிழமையே கங்காணியிடம் 30,000 கொடுக்கிறோம். அது அன்றைக்குச் செலவு அல்ல. நம் பணம் அவர் கையில் இருக்கிறது, அவ்வளவே. அவர் வந்து சம்பளம் இவ்வளவு, ஜீப்புக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று சொல்லும்போதுதான் செலவாகும். வெள்ளியன்று செலவு, சனியன்று மறுபடி செலவு என்று இரண்டு முறை பதிந்து, கைப்பணம் ஒத்துவரவில்லை என்று மென்பொருளைக் குறை சொன்ன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஏல பில்

புற்றடியிலோ போடியிலோ ஏலம் விட்டுக் காய் விற்றதும் வங்கியில் ஒரு தொகை விழும். அதை அப்படியே வருமானம் என்று போடுவதுதான் எங்கள் பக்கத்துப் பெரிய தப்பு. கணக்குக்கு எளிதாக 62.400 கிலோ, கிலோ 2,300 ரூபாய், கமிஷன் ஒரு சதவீதம், முன்பு வாங்கிய அட்வான்ஸ் 40,000 என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் விழுவது 1,02,084.80. பதிவில் 'ஸ்ப்ளிட்' பொத்தானை அழுத்தி நான்கு வரியாக எழுத வேண்டும்:

ஏல வருமானத்தில் வரவு 1,43,520.
கமிஷன் செலவு 1,435.20.
அட்வான்ஸ் கடன் குறைந்தது 40,000.
வங்கியில் சேர்ந்தது 1,02,084.80.

ஒரே வரியில் போட்டால் வருமானம் 41,000-க்கு மேல் குறைந்து தெரியும், அடைத்த கடனோ இன்னும் பாக்கி என்று நிற்கும். ஏல வருமானம் எழுதிய வரியின் மெமோவில் கிலோவை எழுதிவிடுங்கள்.

ஸ்டோரில் இருக்கும் விற்காத காயைப் பங்குச் சந்தைப் பங்குபோலக் கிலோ கணக்கில் வைக்கலாமே என்று கேட்பார்கள். மென்பொருளில் முடியும், நானும் செய்து பார்த்தேன். நம் தோட்டத்தில் விளைந்த காய்க்கு வாங்கிய விலை கிடையாது, ஆகவே விற்கும்போது லாபக் கணக்கு சிக்கலாகும். அன்றைய விலையைப் போட்டு மதிப்பிட்டால் இன்னும் மோசம். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த சில வருடங்களில் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. 7,000-ஐ நம்பி மதிப்புப் போட்டவர்கள் கணக்கில் மட்டும் பணக்காரர்களாக இருந்தார்கள். கையிருப்புக் காயை நோட்டில் வையுங்கள், விற்ற பிறகு குனூகேஷில் ஏற்றுங்கள்.

மலையாளத்துச் சிட்டி

மலைக்கு அந்தப் பக்கம் தொழில் செய்கிறவர்கள் வீட்டில் ஒரு சிட்டியாவது, அதாவது ஏலச்சீட்டாவது, இருக்கும். கேரள அரசின் நிதி நிறுவனமான கேஎஸ்எஃப்இ 1969 முதல் நடத்துகிறது. இதைச் செலவில் போடுகிறவர்களும் உண்டு, சேமிப்பில் போடுகிறவர்களும் உண்டு. ஒரே கணக்கில் சுத்தமாக வைக்கலாம்.

ஒரு லட்சம் சிட்டி, 40 மாதம், மாதம் 2,500 என்று எடுத்துக்கொள்வோம். சொத்தின் கீழ் 'சிட்டி' என்று ஒரு கணக்கு. ஒரு மாதம் 300 ரூபாய் லாபப் பங்கு போக 2,200 கட்டினால், சிட்டியில் 2,500 ஏற்றுங்கள். வங்கியிலிருந்து 2,200, 'சிட்டி லாபம்' என்ற வருமானத்திலிருந்து 300. பத்தாவது மாதம் கட்டிய பின் 25,000 தள்ளிச் சிட்டி பிடித்தால், வங்கியில் 75,000 வரவு, 'சிட்டித் தள்ளுபடி' செலவு 25,000, சிட்டிக் கணக்கிலிருந்து ஒரு லட்சம் கழிவு. அதுவரை 25,000 இருந்த கணக்கு இப்போது கழித்தல் 75,000 காட்டும். பயப்பட வேண்டாம், இனிக் கட்ட வேண்டிய முப்பது தவணைதான் அது. நாற்பதாவது தவணை கட்டும் அன்று சரியாகப் பூஜ்ஜியத்துக்கு வரும். வராவிட்டால் ஒரு தவணை விடுபட்டிருக்கிறது அல்லது இருமுறை ஏறியிருக்கிறது.

மாதாமாதம் கையால் எழுதாமல் இருக்க, ஆக்‌ஷன்ஸ் மெனுவில் 'ஷெட்யூல்ட் டிரான்சாக்‌ஷன்ஸ்' எடிட்டரைத் திறங்கள். லாபப் பங்கு மாதத்துக்கு மாதம் மாறும் அல்லவா? அந்த இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தில் ஒரு சின்னப் பெயரை எழுதுங்கள். வங்கி வரியில் 2500 கழித்தல் அந்தப் பெயர். தவணை நாளுக்குப் பின் கோப்பைத் திறக்கும்போது, இந்த மாதம் அது எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இரண்டு வருடம், இரண்டு அறிக்கை

வருமான வரிக் கணக்குக்கு ஏப்ரல் முதல் மார்ச். ஸ்பைசஸ் போர்டு ஏலக்காய்ப் பருவத்தை ஆகஸ்ட் முதல் ஜூலை என்று கணக்கிடுகிறது. தோட்டம் நமக்குக் கட்டுப்படியானதா என்று இரண்டாவதில்தான் தெரியும். மார்ச்சில் வெட்டினால் ஒரே பருவத்துக் காயும் உரமும் வெவ்வேறு வருடத்தில் போய் விழும்.

ப்ரிஃபரன்சஸில் 'அக்கவுன்டிங் பீரியட்' தொடக்கத்தை ஏப்ரல் 1, முடிவை மார்ச் 31 என்று போடுங்கள். நேரடித் தேதியாகக் கொடுத்தால் வருடா வருடம் மாற்ற வேண்டும். பருவத்துக்கு, ரிப்போர்ட்ஸ் மெனுவில் 'இன்கம் ஸ்டேட்மென்ட்' எடுத்து, ஆப்ஷன்ஸில் தேதியை ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 ஆக்குங்கள். அக்கவுன்ட்ஸ் பகுதியில் வீட்டுச் செலவை எல்லாம் விட்டுவிட்டு ஏல வருமானம், கமிஷன், சம்பளம், ஜீப், உரம், மருந்து, ஸ்டோர் விறகு, கரண்ட் இவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். தலைப்பில் 'ஏலப் பருவம்' என்று எழுதிச் சேமித்தால், 'சேவ்டு ரிப்போர்ட் கான்ஃபிகரேஷன்ஸ்' என்ற இடத்தில் நிரந்தரமாக இருக்கும். இதே போல 'டிரான்சாக்‌ஷன் ரிப்போர்ட்' ஒன்றை ஏல வருமானத்துக்கு மட்டும் எடுத்து, மெமோவைக் காட்டச் சொன்னால், எந்த ஏலத்தில் எத்தனை கிலோ போனது என்று வரிசையாக விழும். ஆடி கடைசியில் இரண்டையும் பிரின்ட் எடுத்து அப்பாவிடம் கொடுக்கிறேன். அவர் தன் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். டிக் விழாத வரி எதுவோ அங்கிருந்து அடுத்த நாள் வேலையைத் தொடங்குவேன்.